கொண்டைக்குருவி என்ன தின்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

தங்கச்சி, உன் கேள்விய மத்தவங்களுக்கும் சேத்து ஒருக்கா சொல்லிருதேன். எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்டுக்கு திருநெல்வேலி ஜில்லாவுல சேரன்மாதேவி பக்கம் உன் ஊர்ல கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு இதுக எல்லாம் என்ன தின்னுதுன்னு பாக்கணும், பைனாகுலர் மட்டும் போதுமா இல்ல எச்சத்த எடுத்து டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பணுமா, அதுக்குக் காசு இல்லியே, அது போக அப்பா வேற "இந்தக் குருவி பூரா தோட்டத்த அழிக்குது, இதப் போயியா படிக்க"ன்னு கேக்காவ, அவங்களுக்கு என்ன பதில் சொல்ல. இதான கேட்டிருக்க.

டிஎன்ஏ இல்லாம நல்ல புராஜெக்ட் பண்ணலாம், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா "என்ன தின்னுது"ங்கிறத ஒரே கேள்வியா வச்சுக்கிட்டு இறங்குனா டிஎன்ஏ இருந்தாலும் ஒண்ணும் தேறாது. எந்த மாசம், வளந்த குருவியா குஞ்சா, வயக்காட்டுலயா மானாவாரிக் காட்டுலயா வீட்டுத் தோட்டத்துலயா, இத முடிவு பண்ணாம பதிலே கிடையாது. சிட்டுக்குருவியயே எடுத்துக்கோ, அது தானியம் தின்னும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆனா பொரிச்ச புதுசுல அதோட குஞ்சுக்கு தானியம் ஆகாது, புழுவும் பூச்சியும் சிலந்தியும் தான் ஊட்டும். இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல சிட்டுக்குருவிக் கூடுகள வச்சு ஆராய்ச்சி பண்ணி 2000கள்ல எழுதினாங்க, பூச்சி கம்மியா கிடைச்ச இடத்துல குஞ்சு தேறல, அதுவும் அந்த ஊர்ல குருவி கொறஞ்சதுக்கு ஒரு காரணம்னு. முற்றத்துல நெல்ல இறைச்சு வச்சா குருவி வந்துரும்னு நம்ம ஆளுங்க நினைக்காங்க, தின்னுறது தாய், பசியில கெடக்கது குஞ்சு. தூக்கணாங்குருவிக்கும் இதே கதை தான். கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாமே குஞ்சு இருக்க நேரத்துல பூச்சி புடிச்சு அலையும்.

இன்னொண்ணு, எந்தெந்தக் குருவின்னு பட்டியல் போடும்போது பாடும் பறவைங்கிற வகையில காக்காயும் கரிச்சானும் கூட வரும், மறந்துராத. ஆறுமணிக்குருவி அழகாக் கூப்பிட்டாலும் அந்தக் கிளையில சேராது, அது பக்கத்துக் கிளை.

சரி, முறைகளுக்கு வாரேன். பழைய காலத்துல ஒரே வழிதான், சுட்டு வயித்தக் கிழிச்சுப் பாக்கது. அமெரிக்காவுல 1885-ல அரசாங்க வேளாண் துறையிலயே இதுக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சாங்க, எந்தக் குருவி விவசாயிக்கு நல்லது எது கெட்டதுன்னு வயித்துல இருக்கத எண்ணி முடிவு பண்ண. நம்ம நாட்டுல பீகார் பூசாவுல இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல மேசனும் மேக்ஸ்வெல்-லெஃப்ராயும் அதே மாதிரி பண்ணி 1912-ல வெளியிட்டாங்க, இன்னிக்கும் இந்தியப் பறவை உணவப் பத்தி எழுதுறவங்க அதத்தான் மேற்கோள் காட்டுதாங்க. எனக்கு அதுல மரியாதையும் உண்டு வருத்தமும் உண்டு. மரியாதை எதுக்குன்னா ஒவ்வொரு பூச்சியையும் பயிருக்குக் கெடுதல், நல்லது, ரெண்டும் இல்லாததுன்னு பிரிச்சுப் பாத்த பொறுமை. வருத்தம் எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. இந்த வேலைய செய்யாம முடிவெடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு சீனா இருக்கு, 1958-ல சிட்டுக்குருவி தானியத்தத் தின்னுதுன்னு நாடு பூரா தகரத்தத் தட்டி உக்கார விடாம வெரட்டிக் கொன்னாங்க, பூச்சி பெருகுனது தெரிஞ்ச பொறவு 1960-ல ஒழிக்கணும்னு போட்ட பட்டியல்ல இருந்து குருவிய எடுத்துட்டு மூட்டைப்பூச்சியப் போட்டாங்க. சிட்டுக்குருவி வயித்துல பூச்சியும் இருக்குன்னு அங்க உள்ள பறவை ஆய்வாளர்களே பாத்துச் சொன்னாங்க, முன்னமே அதக் கேட்டிருக்கலாம்.

கொல்லாம வயித்துல உள்ளத எடுக்க ரெண்டு வழி புத்தகத்துல படிச்சிருப்ப. ஒண்ணு வாந்தி மருந்து, ஆன்டிமனி சேந்த உப்பு, கொஞ்சம் கூடிட்டா குருவி செத்துரும், சில ஆய்வுகள்ல செத்தும் இருக்கு. இன்னொண்ணு குஞ்சு கழுத்துல மெல்லிசா ஒரு வளையம் கட்டி, தாய் ஊட்டுறத முழுங்க விடாம எடுத்துப் பாக்கது. இதுல குஞ்சு பட்டினி கெடக்கது ஒரு பக்கம், சின்னப் பூச்சி வளையத்தத் தாண்டி உள்ள போயிரும், பெருசு மட்டும் நிக்கும், சில நேரம் குஞ்சு முழுங்கலன்னு தாயே அத எடுத்துட்டுப் போயிரும், அப்ப கணக்கும் தப்பு. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ரெண்டுமே வேண்டாம். யாரு சொன்னாலும் வேண்டாம்.

கண்ணால பாக்கதுல இருந்து ஆரம்பி. இத லேசா நினைக்காத. 1958-ல அமெரிக்காவுல மெக்ஆர்தர்னு ஒருத்தர் ஒரே வகை ஊசியிலை மரத்துல அஞ்சு சாதிச் சின்னக் குருவி எப்படிச் சேந்து பொழைக்குதுன்னு பாத்தார், ஒண்ணு உச்சியில தேடுது, ஒண்ணு நடுவுல, ஒண்ணு கீழ அடிமரத்துக்கிட்ட, ஒண்ணு பறந்து புடிக்குது. பைனாகுலரும் கடிகாரமும் வச்சுப் பாத்த வேலை தான் அது, இன்னைக்கும் சூழலியல் பாடத்துல இருக்கு. நம்ம ஊர்ல அதே மாதிரிப் பாக்க வேம்பு போதும். ஆனி, ஆடியில வேப்பம்பழம் பழுக்கும்போது கொண்டைக்குருவி, மைனா, குயில், காக்கா எல்லாம் ஒரே மரத்துல நிக்கும். யார் முழுசா முழுங்குதா, யார் சதைய மட்டும் கொத்திட்டு அங்கனயே கொட்டையப் போடுதா, யார் பழத்தத் தூக்கிட்டு வேற மரத்துக்குப் போறா, இத மூணு கட்டமாப் பிரிச்சு எழுது, ஏன்னா விதை பரவுறது மூணாவது ஆளாலயும், முதல் ஆளு எங்க போயி எச்சம் போடுதாங்கிறதாலயும் தான். ஒரு மரத்த காலையில நேரம் வெளுத்த உடனே ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, ஒரே அளவு நேரம் பாரு, இன்னைக்கு நிறைய வருதேன்னு கூட நேரம் உக்காராத, வரலியேன்னு எந்திரிச்சும் போகாத.

நம்ம மலையில இந்த வேலைய பெருசாப் பண்ணவங்க உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துல, மாஞ்சோலைக்கு மேல காக்காச்சியில, டி. கணேஷும் பிரியா தாவிதாரும் மழைக்காட்டு மரங்களோட பழத்த யார் தின்னுறா, விதைய யார் கொண்டு போறாங்கன்னு பாத்து 1999-லயும் 2001-லயும் கட்டுரை எழுதியிருக்காங்க. உன் கைடு கேட்டா முதல்ல அதத்தான் காட்டணும், வெளிநாட்டுக் கட்டுரைக்கு முன்னாடி.

கண்ணால பாக்கதுல உள்ள கோளாறு என்னன்னா, பெருசு தெரியும் சின்னது தெரியாது. தவிட்டுக்குருவி சருகப் பொரட்டி எதையோ எடுத்து முழுங்கும், அது கறையானா எறும்பா வண்டான்னு எப்படிச் சொல்ல? இதுக்குக் கூடு தான் நல்ல இடம். கொண்டைக்குருவி நம்ம தார்சாவுல (வராந்தாவுல) விளக்குத் தாங்கியிலயும் தொங்கவிட்ட செடியிலயும் கூட கூடு வைக்கும், குஞ்சு பொரிச்சதுல இருந்து பறந்து போற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு உள்ளதான். ஜன்னலுக்கு உள்ள இருந்து போன் கேமராவ ஸ்டாண்டுல வச்சு ஸ்லோ மோஷன்ல எடு. கொண்டைக்குருவி அலகோட நீளத்தத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, வாயில உள்ள புழு அலகுல எவ்வளவு நீளம்னு பாத்தா அளவு கிடைச்சிரும். கூட்டுக்குக் கிட்டப் போகாத, கைய வைக்காத, நீ போற வழியப் பாத்து காக்காயும் பூனையும் வந்துரும். முட்டை இருக்க நேரத்துல ஸ்டாண்ட மாத்தி மாத்தி வச்சா தாய் கூட்டையே விட்டுட்டுப் போயிரும், அதனால ஒருக்கா வச்சத அசைக்காத.

அடுத்தது எச்சம். எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை இது, பைசா செலவு கிடையாது, காலேஜுல ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இருந்தாப் போதும். பம்புசெட்டு ஒயர், வேலிக் கம்பு, உடமரத்துக் கிளை, எங்க ஒரே சாதிக் குருவி திரும்பத் திரும்ப வந்து உக்காருதுன்னு பாத்து கீழ வெள்ளைத் துணியோ பழைய ஃபிளக்ஸோ விரிச்சு வை, எந்தக் குருவி போட்டுச்சுன்னு கண்ணால பாத்தத மட்டும் எடு, மத்தத விட்டுரு, சந்தேகமான பத்து எச்சத்துக்கு உறுதியான ஒண்ணு மேல். தண்ணியில கரைச்சு மெல்லிசா பரப்புனா வண்டோட ரெக்கை ஓடு, எறும்புத் தலை, கறையான் தாடை, புழுவோட கறுத்த தாடை, சிலந்தியோட விஷப்பல்லு எல்லாம் கிடைக்கும், பாக்கப் பாக்க ஆசையா இருக்கும். ஆனா இதுக்கு முன்னாடியே நீ ஒரு ஆல்பம் தயார் பண்ணணும், உன் தோட்டத்துல உள்ள பூச்சியோட தாடை, கால், ரெக்கை இதெல்லாம் என்ன மாதிரி இருக்குன்னு படம், அதே மாதிரி விதை ஆல்பம், கோவை, உண்ணிச்செடி, சூரை, இலந்தை, ஆல், அரசு, அத்தி, மணத்தக்காளி. ஆல்பம் இல்லாம மைக்ரோஸ்கோப்புல உக்காந்தா எல்லாமே "அடையாளம் தெரியாத துண்டு"ன்னு தான் எழுத வேண்டி வரும்.

எச்சத்துல எல்லாம் வராது. பந்தி முடிஞ்ச பொறவு எச்சி இலையப் பாத்து என்ன பரிமாறுனாங்கன்னு சொல்லுற மாதிரி தான், முருங்கக்கா சக்கை இருக்கும், பாயாசம் இருக்காது. மெத்துன்னு இருக்க பூச்சி பூரா கரைஞ்சிரும், ஓடு உள்ளது மட்டும் நிக்கும், அதனால வண்டும் எறும்பும் உள்ளத விடக் கூடத் தெரியும். பெரிய கொட்டைய நிறைய குருவி வாய் வழியாவே துப்பிரும், அது எச்சத்துல வராது. தேன் குடிச்சதுக்கு அடையாளமே இருக்காது, மகரந்தம் ஒட்டியிருந்தா உண்டு.

இங்க தான் நிறைய புராஜெக்ட் சறுக்குது, கணக்குல. ஒரு எச்சத்துல இருபது எறும்புத் தலையும் ஒரு புழுத் தாடையும் இருந்துச்சுன்னு வை. எண்ணிக்கையில பாத்தா எறும்பு தான் முக்கிய உணவு. ஆனா அந்த ஒரு புழு அந்த இருபது எறும்ப விடக் கனமா இருக்கும், சதையும் கூட. எத்தனை எச்சத்துல எறும்பு வந்துச்சுங்கிற கணக்கு ஒண்ணு, எத்தனை எறும்புங்கிறது ஒண்ணு, எடைக்கு எவ்வளவுங்கிறது ஒண்ணு, மூணும் மூணு பதில் சொல்லும். மூணையும் தனித்தனியாப் போடு, ஒண்ண மட்டும் போட்டு "முக்கிய உணவு"ன்னு எழுதாத. அதே மாதிரி, தின்னதக் கண்டுபிடிச்சாப் பத்தாது, அந்த வாரம் தோட்டத்துல என்ன கிடைச்சுதுன்னும் பாக்கணும். வாரம் ஒருக்கா செடிய ஒரு வெள்ளைத் துணி மேல தட்டி விழுற பூச்சிய எண்ணு, பழுத்த பழத்த எண்ணு. ஐப்பசி மழைக்குப் பொறவு ஈசல் கிளம்புற சாயங்காலம் கரிச்சான், மைனா, கொண்டைக்குருவி எல்லாமே ஈசல் தான் தின்னும், அத வச்சு இதுகளுக்கு ஈசல் புடிக்கும்னு எழுதிர முடியாது, அன்னைக்கு அது கொட்டிக் கெடக்கு. கொஞ்சமா இருக்கத தேடிப் புடிச்சுத் தின்னா அது தான் விருப்பம்.

எச்சத்துல கிடைச்ச விதைய தூரப் போடாத. மணல் தட்டுல மூணு வரிசையா வை, எச்சத்துல வந்த விதை ஒண்ணு, நீயே சதைய நீக்கிக் கழுவுன விதை ஒண்ணு, சதையோட முழுப் பழம் ஒண்ணு. எது சீக்கிரம் முளைக்குதுன்னு தேதி போட்டு எழுது. குருவி வயித்துக்குள்ள போனதால முளைக்குதா, இல்ல சதை போனாலே போதுமான்னு அதுல தெரிஞ்சிரும். உண்ணிச்செடி பாபநாசம் அடிவாரத்துல இந்த அளவு பரவுனதுல கொண்டைக்குருவிக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்காம எழுதணும்.

டிஎன்ஏ பத்திக் கேட்ட. எச்சத்துல உள்ள எல்லா உயிரோட டிஎன்ஏ துண்டையும் பெருக்கி, சிஓஐங்கிற மைட்டோகாண்ட்ரியா ஜீனோட வரிசைய ஏற்கனவே சேத்து வச்சிருக்க நூலகத்தோட ஒப்பிட்டு, இன்ன பூச்சின்னு சொல்லுறது. பார்கோடு மாதிரி இந்த ஒரு ஜீன வச்சு உயிரினத்த அடையாளம் காணலாம்னு 2003-ல பால் ஹெபர்ட் குழு முன்வச்சாங்க. மைக்ரோஸ்கோப்புல தெரியாத மெத்துன்னு இருக்க பூச்சியெல்லாம் இதுல மாட்டும், அது பெரிய விஷயம். ஆனா அது புழுவா இருந்துச்சா அந்துப்பூச்சியா இருந்துச்சான்னு சொல்லாது, ரெண்டுக்கும் ஒரே டிஎன்ஏ. குருவி சிலந்தியத் தின்னு, சிலந்தி கொசுவத் தின்னுருந்தா கொசுவும் பட்டியல்ல வரும். எத்தனைன்னு உறுதியாச் சொல்லாது. எச்சத்துல உள்ள யூரிக் அமிலம், டிஎன்ஏவப் பெருக்குற பிசிஆர் வேலையக் கெடுக்கும். எல்லாத்துக்கும் மேல, நம்ம மலையில உள்ள பூச்சியில எவ்வளவோ அந்த நூலகத்துலயே கிடையாது, அப்ப குடும்பம் வரைக்கும் தான் பேர் வரும். அதனால காசு இல்லன்னு கவலப்படாத. மாதிரிய மட்டும் ஒழுங்கா எடுத்து வை, பின்னால பிஎச்.டி. சேந்தா அப்ப உபயோகப்படும்.

நம்ம ஜில்லாவுக்கே எடுத்து வச்ச மாதிரி ஒரு முறை உண்டு, ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்துல எடை வித்தியாசமா இருக்க அணுக்கள அளக்கது. யாராச்சும் இத இங்கன பண்ணணும்னு எனக்கு நெடுநாளா ஆசை. நெல், வாழை, உளுந்து, பருத்தி எல்லாம் சி3 வகை. சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு, கரும்பு எல்லாம் சி4 வகை. ரெண்டும் காத்துல உள்ள கார்பன எடுக்குற விதம் வேற, அதனால கனமான கார்பன்-13 அளவும் வேற, பொதுவான ஒரு அளவுகோலோட ஒப்பிட்டா சி3-ல ஆயிரத்துக்கு சுமார் -27, சி4-ல சுமார் -13. இடையில பெரிய இடைவெளி இருக்கதால குழப்பம் கம்மி. குருவி எதத் தின்னுச்சோ அந்த முத்திரை அதோட இறகுல ஏறிரும், இறகு வளந்து முடிஞ்சா பொறவு மாறாது, ரத்தத்துல பாத்தா கிட்டத்துல தின்னது தெரியும். தாமிரபரணிக் கரையில கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி பூரா நெல்லும் வாழையும், அங்கன இருந்து கொஞ்ச தூரத்துல மானூர், கங்கைகொண்டான் பக்கம் மானாவாரி. ஒரு தூக்கணாங்குருவியோ சில்லையோ பிசானப் பருவத்து நெல்ல தின்னு வளந்துச்சா, சோளக்காட்டுல வளந்துச்சான்னு ஒரு இறகு சொல்லிரும். நைட்ரஜன்-15-ம் சேத்துப் பாத்தா, உணவுச் சங்கிலியில ஒரு படி மேல போக ஆயிரத்துக்கு 3-ல இருந்து 4 வரைக்கும் கூடும், அதனால தானியமா பூச்சியான்னும் தெரியும். அருகம்புல்லு மாதிரி நம்ம ஊர்ப் புல்லு நிறைய சி4 தான், அதனால சோளமா புல்லு விதையான்னு மட்டும் பிரிக்க முடியாது, அதுக்கு எச்சமும் கண்ணும் வேணும். மெஷின் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள்ல தான் இருக்கு, குருவியப் புடிக்க அனுமதியும் வேணும், எம்.எஸ்சி.க்கு இது ஆகாது, ஆனா மனசுல வச்சுக்கோ.

தேன்சிட்டுக்கு ஒரு வார்த்தை. அது தேன் மட்டும் குடிக்கும்னு எழுதிராத, சிலந்தியும் சின்னப் பூச்சியும் நிறையப் புடிக்கும். மைனா குடும்பத்துக்கு சுக்ரோஸ் சர்க்கரைய உடைக்குற நொதி கிடையாதுங்கிறது தெரியுமா? அதனால அதுக்கு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் உள்ள பூவும் பழமும் தான் ஒத்துக்கும். கல்யாணமுருங்கையில மைனா எவ்வளவு நேரம், தேன்சிட்டு எவ்வளவு நேரம்னு பாத்தாலே ஒரு அத்தியாயம் எழுதலாம். மாமரத்துல புல்லுருவி இருந்தா மலர்கொத்தியப் பாரு, அந்தப் பழத்தத் தின்னு பசை ஒட்டுன விதைய கிளையிலயே தேச்சுட்டுப் போகும். நீலகிரியில இந்த உறவ பிரியா தாவிதார் 1980கள்ல ஆராய்ஞ்சிருக்காங்க.

அப்பாவுக்கு என்ன சொல்லன்னு கேட்ட. அவங்க சொல்லுறது பொய்யில்ல. கொண்டைக்குருவி தக்காளி, கொய்யா, பப்பாளி, பழுத்த மிளகா எல்லாத்தையும் கொத்தும். மிளகாயோட காரம் குருவிக்கு உறைக்காது, பாலூட்டிக்கு மட்டும் தான் உறைக்கும், 2001-லயே அத ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க, காட்டு மிளகா விதைய பரப்புறது குருவி தான். அதனால "குருவி நல்லது"ன்னு அவங்ககிட்ட வாதாடாத. அவங்க தோட்டத்துலயே அளந்து காட்டு. வாரம் ஒருக்கா ஒரே வரிசையில உள்ள பழத்த எண்ணி, குருவி கொத்துனது எத்தனை, புழு அரிச்சது எத்தனை, அழுகுனது எத்தனைன்னு தனித்தனியா எழுது, அதே வாரம் கூட்டுக்கு மணிக்கு எத்தனை புழு போச்சுன்னும் எழுது. வயல்ல கரிச்சான் உக்கார குச்சி நட்டு பறவைத் தாங்கி வைக்கச் சொல்லி வேளாண்மைத் துறையே சொல்லுதாங்க, அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கும், அங்கன இருந்து பேச்ச ஆரம்பி. கணக்கு அவங்க பக்கம் வந்தாலும் அப்படியே எழுது, கார் பருவத்துல ஒரு மாதிரியும் பிசானத்துல ஒரு மாதிரியும் வர வாய்ப்பு இருக்கு.

கடைசியா சில நடைமுறை. வலை கட்டிக் குருவி புடிக்கது, கூட்டக் கலைக்கது எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வரும், அனுமதி இல்லாம தொடாத, கீழ கெடக்க இறகையும் சேக்காத. முண்டந்துறை, பாபநாசம் காட்டுக்குள்ள எச்சம் எடுக்கக்கூட வனத்துறைக்குக் கடிதம் போகணும், காலேஜு மூலமா முன்னமே போடு, நாளாகும். உன் தோட்டத்துலயே பண்ணா இந்தப் பாடு இல்ல. எச்சம் எடுக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் போடு, காஞ்ச எச்சத் தூசிய மூச்சுல இழுத்தா நோய் வரும். மைக்ரோஸ்கோப்புல பாக்கதுக்குன்னா 70 சதவீத ஆல்கஹால் போதும், டிஎன்ஏவுக்குன்னு எடுத்து வச்சா 95 சதவீதத்துக்கு மேல, ஃப்ரீசர்லயே இருக்கட்டும். ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் ஒரு துண்டுத் தாள்ல தேதி, நேரம், இடம், எந்தக் குருவி, வளந்ததா குஞ்சான்னு பென்சில்ல எழுதிப் போடு, பேனாவுல எழுதுனா ஆல்கஹால்ல மை ஓடிரும்.